வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தால்: நோயறியும் சிந்தனையைக் கற்பிக்கும் வழிகள், ஓர் ஒப்பீடு

கொழும்பில் மருத்துவ மாணவர்களுக்கு வாட்டில் கற்பிக்கும் எவருக்கும் நேரம் போதுவதில்லை. 1864இல் தொடங்கிய தேசிய வைத்தியசாலையில் இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டில்கள் இருக்கின்றன. காலைச் சுற்று முடிந்ததும் கிளினிக், அதன் பிறகு புதிதாக அனுமதிக்கப்பட்டவர்கள், இடையில் இரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தேடி அலைவது என்று பொழுது சாய்ந்துவிடுகிறது. இவ்வளவுக்கும் நடுவில் ஒரு பிரிவு வாரத்துக்கு ஒரு மணி நேரத்தை மாணவர்களுக்கென்றே ஒதுக்க முடிவெடுத்தால், அதில் என்ன செய்வது? நோயாளர் சொல்வதிலிருந்தும் உடலில் காண்பதிலிருந்தும் இது இன்ன நோய் என்ற முடிவுக்கு வரும் சிந்தனையை வளர்க்க எந்த வழி அதிகம் உதவும்?

வழக்கமாக முன்வைக்கப்படும் யோசனைகள் இவை: வாட்டுச் சுற்றையே இன்னும் நீட்டுவது, ஒரு நோயாளரின் விவரங்களைத் துண்டு துண்டாக வெளியிட்டு மண்டபத்தில் கலந்துரையாடுவது, வைத்தியரைப் பிழையான முடிவுக்கு இழுக்கும் சிந்தனைச் சாய்வுகளைப் பற்றி விரிவுரை வைப்பது, கணினியில் கற்பனை நோயாளர்களைக் கொடுப்பது, ஒன்றுபோல் தோன்றும் நோய்களை எழுதி ஒப்பிடும் கட்டமைந்த பயிற்சி. நான் கடைசி வழியின் பக்கம் நிற்கிறேன். ஏன் என்று சொல்வதற்கு முன், நோயறியும் சிந்தனை எப்படி இயங்குகிறது என்று ஆய்வுகள் கண்டதைச் சொல்ல வேண்டும். தெரிவு அதில்தான் தங்கியிருக்கிறது.

சிறந்த வைத்தியரிடம் எந்த நோய்க்கும் பொருந்தும் ஒரு பொதுத் திறமை இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால் மாணவருக்குச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று 1970களில் பலர் எதிர்பார்த்தார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் அரச பல்கலைக்கழகத்தில் ஆர்தர் எல்ஸ்டீன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா ஆகியோர் வைத்தியர்கள் யோசிக்கும் விதத்தை நேரில் அவதானித்து, 1978இல் தங்கள் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த எதிர்பார்ப்பு பொய்த்துப்போனது. கைதேர்ந்தவரும் சாதாரணமானவரும் நோயாளர் பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஓரிரு ஊகங்களை உருவாக்கிக்கொண்டார்கள். பிறகு அவற்றைச் சோதித்துக்கொண்டே போனார்கள். யோசித்த விதத்தில் இரு தரப்புக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதைவிட முக்கியமான இன்னொன்றும் வெளிப்பட்டது. ஒரு நோயாளரில் சரியான முடிவுக்கு வந்தவர் அடுத்த நோயாளரிலும் சரியாக இருப்பார் என்று சொல்ல முடியவில்லை. நெஞ்சுவலியில் கெட்டிக்காரராக இருப்பவர் காய்ச்சலில் தடுமாறலாம்.

அதன் பிறகு நெதர்லாந்தில் ஹென்க் ஷ்மிட், ஹென்னி போஷுய்சன் போன்றோர் செய்த வேலை இதற்கு விளக்கம் தந்தது. அனுபவமுள்ள வைத்தியரின் மனத்தில் ஒவ்வொரு நோயும் ஒரு வரலாறாகப் பதிந்திருக்கிறது: யாருக்கு வரும், எந்தச் சூழலில் வரும், உடலுக்குள் என்ன நடக்கும், எந்த நாளில் எந்த அறிகுறி தலைகாட்டும் என்று. நோயாளரைக் கண்டதும் அந்த வரலாறு தானாக எழுந்து வருகிறது. மாணவரிடம் இருப்பது பாடப்புத்தகத்தின் பட்டியல் மட்டுமே. பட்டியல் வரலாறாக மாறுவதற்குப் பல நோயாளர்களைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்தவர்களை ஒருவரோடொருவர் ஒப்பிட்டிருக்க வேண்டும். எடுத்த முடிவு சரியா பிழையா என்று பிறகு தெரிந்திருக்க வேண்டும். இந்த மூன்றில் எத்தனையை அந்த ஒரு மணி நேரம் தருகிறது என்பதே என் அளவுகோல்.

வாட்டுச் சுற்றை நீட்டுவது

நம்மில் பெரும்பாலோர் இப்படித்தான் கற்றோம். 1870இல் கொழும்பு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட காலத்திலிருந்து கட்டிலருகே நின்று கற்பிப்பதே இந்த நகரத்தின் மருத்துவக் கல்விக்கு உயிராக இருந்துவருகிறது. மண்ணீரலைத் தொட்டு உணர்வதையும், மூச்செடுக்கச் சிரமப்படும் ஒருவரோடு மரியாதையாகப் பேசுவதையும் வேறெங்கும் கற்க முடியாது. அதைக் குறைக்கும்படி நான் ஒருநாளும் சொல்லமாட்டேன்.

ஆனால் மேலதிகமாகக் கிடைக்கும் மணி நேரத்தையும் சுற்றிலேயே போட்டால் நோயறியும் சிந்தனை வளருமா? அன்றைக்கு வாட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களைப் பொறுத்தது அது. ஒரு வாரம் முழுதும் நீரிழிவுப் புண்ணும் இதயச் செயலிழப்பும் மட்டுமே இருக்கலாம். பெரும்பாலான நோயாளர்களுக்கு முடிவு ஏற்கெனவே பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. மாணவர் அதை எட்டிப் பார்த்துவிட்டே கேள்விக்குப் பதில் சொல்கிறார். வைத்திய நிபுணர் கேட்கும்போது முன்வரிசையில் நிற்கும் இரண்டு பேர் பேசுகிறார்கள், பின்னால் நிற்பவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். அவர்கள் மனத்துக்குள் என்ன ஊகித்தார்கள், எந்த இடத்தில் சறுக்கினார்கள் என்பது யாருக்கும் தெரிவதில்லை.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. நோயாளர் தமிழிலோ சிங்களத்திலோ சொல்கிறார், மாணவர் ஆங்கிலத்தில் எடுத்துரைக்கிறார். அந்தப் பெயர்ப்பில் பெரும்பாலும் தொலைவது நாள்வரிசை. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த அம்மா, காய்ச்சல் விட்ட மறுநாள்தான் வயிற்றுவலி தொடங்கியது என்று தெளிவாகச் சொல்லியிருப்பார். எடுத்துரைக்கும்போது அது காய்ச்சலும் வயிற்றுவலியும் என்று ஆகிவிடுகிறது. டெங்குவில் இந்த ஒரு வரிசைதான் உயிர்நாடி: இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் ஆபத்தான கட்டம் காய்ச்சல் தணியும் வேளையை ஒட்டியே தொடங்குகிறது. சுற்றின் வேகத்தில் இதைத் திருத்த ஆசிரியருக்கு நேரமிருப்பதில்லை.

துண்டு துண்டாக வெளியிடும் கலந்துரையாடல்

மண்டபத்தில் ஒருவர் நோயாளரின் முறைப்பாட்டை, அதாவது அவர் என்ன உபாதையோடு வந்தார் என்பதை மட்டும் சொல்கிறார். எல்லோரும் ஊகிக்கிறார்கள். பிறகு உடற்பரிசோதனை, பிறகு இரத்த முடிவு, கடைசியில் விடை. பார்க்க விறுவிறுப்பாக இருக்கும்; சிரேஷ்ட வைத்தியர்களுக்கு மிகவும் பிடித்த முறை. உண்மையான நோயறிதலும் இப்படித்தானே நடக்கிறது என்பார்கள். ஓரளவு சரிதான்.

எனினும் ஷ்மிட்டும் சில்வியா மமேடேயும் 2015இல் இத்துறையின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்த முறை தொடக்கநிலை மாணவருக்குப் பொருத்தமானதா என்ற ஐயத்தை எழுப்பினார்கள். நோய்களைப் பற்றிய அறிவே இன்னும் சரியாக அடுக்கப்படாத ஒருவரிடம், அரைகுறைத் தகவலை வைத்து அடுத்து என்ன கேட்பாய் என்று கேட்டால், அவர் சக்தியெல்லாம் ஊகத்தை ஏந்திக்கொண்டிருப்பதிலேயே செலவாகிவிடுகிறது. கற்பதற்கு மிச்சம் இருப்பதில்லை. முழு விவரத்தையும் ஒரேயடியாகக் கொடுத்துவிட்டு அதை விளக்கச் சொல்வது அவருக்கு நல்லது. உள்ளகப் பயிற்சி வைத்தியர்களுக்கும் அதற்கு மேலே உள்ளவர்களுக்கும் துண்டு முறை ஏற்றது. மூன்றாம் வருட மாணவருக்கு என்றால் நான் தள்ளிவைப்பேன். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு நோயாளர்தான் முடிகிறார் என்பதும் இதன் குறை.

சிந்தனைச் சாய்வுகள் பற்றிய விரிவுரை

இப்போது செல்வாக்கோடு இருக்கும் வழி இதுதான். ஆகவே சற்று நின்று பார்க்க வேண்டும். கனடாவின் பற்றிக் குரொஸ்கெரி போன்றோர் எழுதியவற்றால் இந்த எண்ணம் பரவியது: வைத்தியர்கள் தவறுவதற்கு மனத்தின் குறுக்குவழிகள் காரணம், முதலில் தோன்றியதைப் பிடித்துக்கொள்வது, அண்மையில் பார்த்த நோயையே மீண்டும் காண்பது, சீக்கிரமே தேடலை நிறுத்திவிடுவது. இவற்றின் பெயர்களை மாணவருக்குக் கற்பித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடுப்பைச் சொல்லிக் கொடுத்தால் தவறுகள் குறையும் என்பது எதிர்பார்ப்பு.

சாய்வுகள் இருக்கின்றன என்பதில் எனக்கு ஐயமில்லை. மமேடேயின் குழு ரொட்டர்டாமில் பயிற்சி வைத்தியர்கள் 36 பேரிடம் நடத்தி 2010இல் வெளியிட்ட பரிசோதனை அதை அழகாகக் காட்டியது. ஒரு நோயைப் பற்றிய விவரங்களை முதலில் கையாண்டுவிட்டு, அதைப்போலவே தோன்றும் வேறு நோயைப் பார்த்தபோது, இரண்டாம் வருடத்தினர் முன்பு பார்த்த நோயின் பெயரைச் சொல்லிச் சறுக்கினார்கள். முதலாம் வருடத்தினரிடம் இந்தச் சறுக்கல் தெரியவில்லை. அனுபவம் வரும்போதுதான் இந்த ஆபத்தும் வருகிறது.

கேள்வி, விரிவுரை அதைக் குணப்படுத்துமா என்பது. கனடாவில் ஜோனதன் ஷெர்பினோவும் சகாக்களும் அவசர மருத்துவப் பிரிவுக்கு வந்த மாணவர்களுக்குச் சாய்வுகளைத் தடுக்கும் உத்திகளைக் கற்பித்து, கற்பிக்கப்படாதவர்களோடு ஒப்பிட்டு 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பயன் தென்படவில்லை. 2017இல் லோரா ஸ்வானின் குழு இன்னும் சங்கடமான ஒன்றைக் காட்டியது. நோயாளர் விவரங்களை வாசித்து அதில் என்னென்ன சாய்வுகள் நடந்திருக்கின்றன என்று சொல்லும்படி வைத்தியர்களிடமே கேட்டார்கள். அவர்களுக்குள் உடன்பாடு மிகக் குறைவு. அதோடு, முடிவு பிழையாகப்போனது போல விவரம் எழுதப்பட்டிருந்தால், சரியாகப்போனதில் கண்டதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சாய்வுகளைக் கண்டார்கள். விடை தெரிந்த பிறகு பெயர் சூட்டுவது எளிது. கட்டிலருகே நிற்கும் நேரத்தில் அந்தப் பெயர் உதவுமா என்பது வேறு விடயம். மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜியோஃப் நோர்மன் நெடுங்காலமாகச் சொல்லிவருவதும் இதுவே: தவறுகளில் பெரும் பங்கு அறிவுக் குறைபாட்டிலிருந்து வருகிறது, பொதுவான எச்சரிக்கைகளால் அதை நிரப்ப முடியாது.

ஒரு மாணவருக்கு எலிக்காய்ச்சலின் வரலாறு தெரியாவிட்டால், அவசரப்படாதே என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு அந்த நோய் நினைவுக்கு வரப்போவதில்லை. ஆகவே இந்த விரிவுரைக்கு வாரத்தின் ஒரே மணி நேரத்தைக் கொடுப்பதை நான் எதிர்க்கிறேன்.

கணினி நோயாளர்கள்

சுருக்கமாகவே சொல்கிறேன். டேவிட் குக், மார்க் ட்ரியோலா ஆகியோர் 2009இல் எழுதிய மதிப்பாய்வில், கணினி நோயாளர்களின் சிறந்த பயன் நோயறியும் சிந்தனையை வளர்ப்பதே என்றார்கள். பல நோயாளர்களை, மாறுபட்ட வடிவங்களில், ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுக்க முடிவதுதான் அதற்குக் காரணம். என் அளவுகோலின் முதல் பகுதிக்கு இது மிகச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் வெளிநாட்டில் தயாரித்த தொகுப்புகளில் நம் மழைக்காலத்துக் காய்ச்சல்களைத் தேடிப்பிடிப்பது கடினம். நாமே தயாரிப்பதென்றால் அந்த உழைப்பு ஒரு பிரிவால் தாங்கக்கூடியதல்ல. மருத்துவ பீடங்கள் சேர்ந்து செய்தால் நான் முழு மனத்தோடு வரவேற்பேன்.

ஒப்பிட்டு எழுதும் கட்டமைந்த பயிற்சி

மமேடேயும் ஷ்மிட்டும் பல வருடங்களாகச் சோதித்துவரும் முறை இது. தேவைப்படுவது தாளும் பேனாவும் மட்டுமே. மாணவர் ஒரு நோயாளரின் முழு விவரத்தை ஒரு பக்கத்தில் வாசிக்கிறார். முதலில் மனத்தில் படும் நோயை எழுதுகிறார். பிறகு அந்த நோய்க்குச் சாதகமான விவரங்கள் எவை, எதிரானவை எவை, அந்த நோய் உண்மையானால் இருந்திருக்க வேண்டியதாகியும் இல்லாதவை எவை என்று மூன்று பத்தியில் நிரப்புகிறார். அந்த நோய் இல்லையென்றால் வேறென்னவாக இருக்கலாம் என்று யோசித்து, ஒவ்வொன்றுக்கும் அதே மூன்று பத்தியையும் நிரப்புகிறார். கடைசியில் எல்லாவற்றையும் சாத்தியத்தின்படி வரிசைப்படுத்துகிறார்.

கொழும்பின் ஜூன் மாதத்துக்கு ஏற்ற ஒரு விவரத்தை எடுத்துக்கொள்வோம். வயது முப்பத்தைந்து. களனி கங்கை பெருகி வடிந்த பிறகு கொலன்னாவைப் பக்கம் வீடுகளையும் வடிகான்களையும் துப்புரவு செய்தவர். நான்கு நாள் காய்ச்சல், கடுமையான உடல்வலி, நடக்க முடியாதபடி கெண்டைக்கால் நோகிறது. கண்கள் சிவந்திருக்கின்றன. குருதிச் சிறுதட்டுகள் குறைந்து 90,000. வெண்குருதிக் கலங்கள் ஏறி 13,000, அவற்றில் பெரும்பகுதி நியூட்ரோபில் என்ற வகை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் உயர்ந்திருக்கிறது. திரவம் கசிந்தால் ஏறும் குருதி அடர்த்தியில் ஏற்றமில்லை.

தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் வாட்டில் பாதிப்பேர் டெங்குக்காரர்களாக இருக்கும்போது, 90,000 என்ற எண்ணைக் கண்டதும் கை தானாக டெங்கு என்று எழுதிவிடும். 2017இல் நாடு முழுதும் 186,000க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவான ஊரில் இந்த ஊகம் இயல்பானதே. ஆனால் மூன்றாவது பத்தியை நிரப்பும்போது மாணவர் நின்றுவிடுகிறார். டெங்குவானால் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருக்க வேண்டுமே, ஏன் ஏறியிருக்கின்றன? நான்காம் நாளிலேயே சிறுநீரகம் ஏன் பாதிக்கப்பட்டிருக்கிறது? எலிக்காய்ச்சலின் பத்தியைத் தொடங்கியதும் வெள்ளநீர், கெண்டைக்கால், சிவந்த கண், கிரியேட்டினின் எல்லாம் ஒரே வரலாற்றுக்குள் வந்து உட்காருகின்றன. சிறுதட்டுகள் எலிக்காய்ச்சலிலும் குறையும் என்பதை அவர் இனி மறக்கமாட்டார். அடுத்த தாளில் டெங்குவே கொடுக்கப்பட வேண்டும்: வெண்குருதிக் கலங்கள் 2,800, ஐந்தாம் நாளில் காய்ச்சல் விட்டதும் வயிற்றுவலி, குருதி அடர்த்தி ஏறுகிறது. அதற்கடுத்து, இடுப்பருகே கருகிய சிறு புண்ணோடு வரும் உண்ணிக்காய்ச்சல். மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போதுதான் ஒவ்வொன்றின் முகமும் தெளிகிறது.

ஆய்வு என்ன சொல்கிறது? மமேடேயின் குழு 2012இல் வெளியிட்ட பரிசோதனையில், நோயாளர் விவரங்களோடு மாணவர்கள் பயிற்சி செய்தபோது சிலர் உடனடியாக ஒரு நோயைச் சொன்னார்கள், சிலர் சாத்தியமான பல நோய்களைச் சொன்னார்கள், சிலர் இந்தக் கட்டமைந்த முறையைப் பின்பற்றினார்கள். ஒரு வாரம் கழித்து நடந்த சோதனையில் கட்டமைந்த முறைக்காரர்களே முன்னணியில் இருந்தார்கள். கனடாவின் ஷெர்புரூக் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் ஷாம்பர்லண்ட் 2011இல் காட்டியதும் இதனோடு ஒத்துப்போகிறது: நோயாளர் விவரத்தை மாணவர்கள் தமக்குத்தாமே உரக்க விளக்கிக்கொண்டபோது, பரிச்சயம் குறைந்த நோய்களில் அவர்களின் முடிவுகள் மேம்பட்டன, நன்கு தெரிந்த நோய்களில் அந்தப் பயன் கிடைக்கவில்லை. மேலே சொன்ன 2010ஆம் ஆண்டுப் பரிசோதனையிலும் சறுக்கியவர்களை மீட்டது இதே வகையான மீள்யோசனைதான். சாய்வின் பெயரைக் கற்பிக்காமலே சாய்வு திருத்தப்பட்டது என்பது என்னை மிகவும் கவர்ந்த விடயம்.

இந்த முறைக்கும் குறைகள் உண்டு. மௌனமாக எழுதுவது சலிப்பைத் தரும். நல்ல தாள்களைத் தயாரிப்பதற்கு ஆசிரியர் மெனக்கெட வேண்டும். எதிர்ச்சான்று எதுவுமே இல்லாத சுத்தமான பாடப்புத்தக விவரம் எதையும் கற்றுக்கொடுக்காது. நோயாளரிடம் பேசி விவரத்தை வரவழைக்கும் கலை இதில் அறவே இல்லை, அது கட்டிலருகேதான் வர வேண்டும். ஆகவேதான் சுற்றை இதனால் மாற்றீடு செய்யும்படி நான் கேட்கவில்லை.

சுற்றுக்குள் செய்யக்கூடியது

மேலதிக நேரம் எதையும் கேட்காத ஒரு முறையும் இருக்கிறது. 1992இல் நெஹெரும் சகாக்களும் குடும்ப மருத்துவ ஆசிரியர்களுக்காக வகுத்த ஐந்து படிகள் அவை. மாணவர் விவரத்தைச் சொல்லி முடித்ததும் ஆசிரியர் பதிலைச் சொல்லிவிடாமல், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு முடிவைச் சொல்ல வைக்கிறார், அதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார், பொதுவான ஒரு விதியைச் சொல்கிறார், சரியாகச் செய்ததைச் சுட்டுகிறார், பிழையைத் திருத்துகிறார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். 2003இல் வோல்பாவும் சகாக்களும் அறிமுகப்படுத்திய இன்னொரு முறையில் இதே பொறுப்பு மாணவர் கைக்கு மாறுகிறது: அவரே சுருக்கிச் சொல்கிறார், இரண்டு மூன்று நோய்களாகக் குறுக்குகிறார், ஒப்பிடுகிறார், தெரியாததை ஆசிரியரிடம் வெளிப்படையாகக் கேட்கிறார். கேள்வி கேட்டால் அறியாமை தெரிந்துவிடும் என்று அஞ்சி நிற்கும் நம் மாணவர்களுக்கு இந்தக் கடைசிப் படி பெரிய விடுதலை. சேர், எனக்கு இது விளங்கவில்லை என்று சொல்வதே பயிற்சியின் ஒரு பகுதி என்று ஆகிவிடுகிறது.

என் தெரிவு

வாரத்தின் மணி நேரம் ஒப்பிட்டு எழுதும் பயிற்சிக்கு. பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட குழு; ஒரே முறைப்பாட்டோடு வரும் மூன்று நோயாளர் விவரங்கள்; முதல் அரை மணி நேரம் தனித்தனியாக எழுதுவது; பிறகு இருவர் இருவராக ஒப்பிட்டுவிட்டு, ஆசிரியரோடு பேசுவது. ஆசிரியர் கடைசியில் உண்மையான முடிவைச் சொல்லியே ஆகவேண்டும், அது எப்படி உறுதிசெய்யப்பட்டது என்பதோடு. தலைப்புகளை நம் வாட்டே சொல்லும்: காய்ச்சல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மஞ்சள் காமாலை, மயக்கம். ஒரே தலைப்பு சில மாதங்கள் கழித்து வேறு நோயாளர்களோடு திரும்ப வர வேண்டும். விவரங்களைப் பிரிவின் பழைய நோயாளர்களிடமிருந்து, அடையாளம் காணக்கூடிய எல்லாவற்றையும் நீக்கிவிட்டு எழுதலாம். அதைச் செய்ய ஆர்வமுள்ள உள்ளகப் பயிற்சி வைத்தியர்கள் எப்போதும் ஓரிருவர் இருப்பார்கள், எழுதும்போது அவர்களும் கற்கிறார்கள்.

சுற்றில் ஐந்து படி முறை. துண்டு துண்டான கலந்துரையாடல் பட்டப்பின் பயிற்சியாளர்களுக்கு, மாதத்துக்கு ஒருமுறை. சாய்வுகளைப் பற்றிப் பேச வேண்டுமானால், தாளில் ஒருவர் சறுக்கிய அந்த இடத்திலேயே ஓரிரு வாக்கியங்களில்.

பயன் கிடைத்ததா என்று அளக்க விரும்பும் பிரிவுகளுக்கு ஒரு வார்த்தை. ஒன்றிரண்டு நோயாளர்களை வைத்துப் பரீட்சித்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. 1978இலேயே தெரிந்துவிட்டபடி, ஒரு நோயாளரில் பெற்ற புள்ளி அடுத்ததைச் சொல்லாது. புதிய தகவல் ஒன்றால் ஓர் ஊகம் எவ்வளவு வலுக்கிறது அல்லது தளர்கிறது என்று மாணவர் ஓர் அளவுகோலில் குறிக்கும் விடையை, நிபுணர் குழுவின் விடைகளோடு ஒப்பிட்டுப் புள்ளி கொடுக்கும் பரீட்சை முறை ஒன்றை பேர்னார்ட் ஷார்லின் குழு மொன்றியலில் உருவாக்கியது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. ஆனால் அந்த அளவுகோலின் இரு முனைகளையும் தவிர்த்து நடுவிலேயே விடை குறிப்பவர் அதில் நல்ல புள்ளி பெற்றுவிடலாம் என்று லைன்பெரி, கிரைட்டர், போர்டாஜ் ஆகியோர் 2013இல் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எனவே நான் எளிய வழியையே பரிந்துரைப்பேன்: பயிற்சியில் வந்த நோய்களின் புதிய விவரங்கள் பத்துக்குக் குறையாமல், ஒரு வாரத்துக்குப் பிறகு ஒருமுறை, மூன்று மாதங்களுக்குப் பிறகு இன்னொருமுறை. அந்த இரண்டாவது பரீட்சையில், டெங்குக் காலம் உச்சத்தில் இருக்கும் வேளையில், வெள்ளத்தில் நின்றவரின் தாளில் எத்தனை பேர் எலிக்காய்ச்சலை முதலாவதாக எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.